கோவாப் புழு அறிந்த கணக்கு

பத்திரிகைகளில் 'திருத்தம்' என்ற தலைப்பில் ஒரு சிறிய பெட்டி அவ்வப்போது வெளிவரும். பெயர் மாறி அச்சானால், திகதி பிழைத்தால், மரண அறிவித்தலில் உறவுமுறை தவறினால் நான்கு வரியில் வருத்தம் தெரிவிப்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருந்த நான் அத்தகைய பெட்டிகள் பலவற்றை எழுதியிருக்கிறேன். எழுதியிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன். இக்கட்டுரை அந்தத் திருத்தமே. பெட்டிக்குள் அடங்காமல் அது வளர்ந்துவிட்டதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1994 ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு நாளிதழில் நான் இளம் உதவி ஆசிரியன். வாரப் பதிப்பின் அறிவியல் பகுதியை வேறு எவரும் ஏற்க முன்வராததால், கலைப் பட்டதாரியான என் தலையில் அது விழுந்தது. புழுக்கள் தமக்குரிய இலையை எவ்வாறு கண்டறிகின்றன என்று ஒரு வாரம் எழுதினேன். நூலகத்தில் கிடைத்த பழைய நூலொன்றே எனக்கு ஆதாரம். 'பச்சை இலைகள் யாவும் சத்தில் ஏறக்குறைய ஒன்றே. புழு அறிவது செடியின் மணத்தையும் காரத்தையும் மட்டுமே. சத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது' என்பது என் கட்டுரையின் சாரம். எழுதியபோது எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சிறிய மரக்கறித் தோட்டம் செய்பவர். கட்டுரையைப் பாராட்டிய பின்னர் தாம் செய்து பார்த்த ஒன்றை விவரித்திருந்தார். கோவா இலையைத் துளைக்கும் சின்னஞ்சிறு பச்சைப் புழுக்களை ஒரே பருமனாகத் தெரிந்து, இரண்டு பிஸ்கட் பேணிகளில் இருபது இருபதாக விட்டாராம். ஒரு பேணிக்கு நன்றாக உரமிட்ட பாத்தியின் இலை. மற்றதற்கு உரமே காணாத பாத்தியின் இலை. உரம் காணாத இலை போட்ட பேணியில் இலை விரைவாகத் தீர்ந்துகொண்டே வந்ததாம். மூன்று தடவை செய்து பார்த்தும் அப்படியே நடந்ததாம். இறுதியில் ஒரு கேள்வி. 'மணத்தை மட்டும் அறிந்த புழுவுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிந்தது ஐயா?'

அக்கடிதத்தை நான் பிரசுரிக்கவில்லை. இடமில்லை என்று சக ஊழியர்களிடம் சொன்னேன். உண்மையில் இடம் இருந்தது; மனம்தான் இருக்கவில்லை. ஆசிரியபீடம் இடம் மாறியபோது பழைய கோப்புகளோடு அதுவும் போயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை. பிற்காலத்தில் பூச்சியியலாளர்களின் ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு எவ்வளவு நீண்ட வரலாறு உண்டு என்பது எனக்குப் புரிந்தது.

இலையோடு சேர்த்து வரைந்த பெண்

தேசி மரத்தில் காணும் புழு கறிவேப்பிலையிலும் ஏறும், பக்கத்து முருங்கையைத் தொடாது என்பதும், முருங்கையில் மொய்க்கும் மயிர்க்கொட்டி தேசியை நாடாது என்பதும் நம் வீடுகளில் எவரும் அறிந்தவை. தேசியும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தாவரவியலாளர் வகுத்தனர். புழு அவர்களுக்கு முன்பே அதை வகுத்து வைத்திருந்தது.

புழுவுக்கும் செடிக்கும் உள்ள இந்த உறவை முறையாகப் பதிந்தவர்களுள் முன்னோடி மரியா சிபில்லா மேரியன். 1647 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து அதன் உருமாற்றத்தைக் கவனித்தவர். 1679 இல் புழுக்களின் உருமாற்றத்தையும் அவற்றின் உணவையும் பற்றி 50 செப்புத்தகட்டுப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அதுவரை பூச்சியை ஆராய்ந்து வரைந்தவர்கள் பெரும்பாலும் வெற்றுத் தாளில் பூச்சியை மட்டும் வரைந்தார்கள். மேரியன் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் அவை வாழும் செடியோடு சேர்த்து வரைந்தார். 1699 இல் மகளோடு கப்பலேறி, அக்காலத்தில் ஒல்லாந்தர் வசமிருந்த தென்னமெரிக்க சூரினாமுக்குச் சென்றார். அங்கு அவர் கண்டவை 1705 இல் நூலாயின.

எந்தப் புழு எந்தச் செடியை உண்ணும் என்பதை மேரியன் காட்டினார். எப்படி அறிகிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஜீன் ஹென்றி ஃபேபர் அதை வியப்போடு நோக்கினார். வறுமையில் உழன்று ஆசிரியத் தொழில் பார்த்த ஃபேபர், பூச்சிகள் செடிகளை இனங்காணும் திறனை ஒரு தாவரவியல் அறிவாகவே கண்டார். கற்றுக்கொள்ளாமல் வந்த அந்த அறிவுக்கு அவர் வைத்த பெயர் இயல்பூக்கம். அது நல்ல பெயர். ஆயினும் பெயர் விளக்கமாகிவிடாது.

கடுகின் காரம்

விளக்கத்தின் முதற்படி 1910 இல் நெதர்லாந்தில் வந்தது. அம்ஸ்டர்டாமில் பணியாற்றிய தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட், கோவாவை உண்ணும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை எடுத்துக்கொண்டார். இப்புழுக்கள் கோவா, முள்ளங்கி, கடுகு முதலிய கடுகுக் குடும்பச் செடிகளை உண்பவை. தோட்டத்து அழகுச் செடியான நஸ்டர்சியம் வேறு குடும்பம். அதையும் இவை உண்ணும். இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவானது எது என்று அவர் பார்த்தார். கடித்தால் நாவில் எரியும் கடுகுக் காரமே அந்தப் பொது அம்சம்.

கடுகுக் குடும்பச் செடியின் சாற்றை, அப்புழுக்கள் வழக்கமாகத் தொடாத இலையில் தடவினார். புழுக்கள் அதைத் தின்றன. அக்காரத்தின் மூலப்பொருளான சினிகிரினைத் தனியாகத் தடவியபோதும் தின்றன. புழுவை இலையோடு பிணைத்திருப்பது ஒரு இரசாயனப் பொருள் என்பது முதன்முறையாகச் சோதனையில் நிறுவப்பட்டது. அந்த முடிவின் முழுக் கனதி உணரப்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

1941 இல் அமெரிக்கரான வின்சென்ட் டெத்தியர் இன்னோர் அடி முன்னே வைத்தார். கரட், பெருஞ்சீரகம் முதலியவற்றின் குடும்பத்தை உண்ணும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவை அவர் ஆராய்ந்தார். அச்செடிகளுக்கு மணம் தரும் எண்ணெய்களை வடிதாளில் தடவி வைக்க, புழு தாளையே கடித்தது. தாளில் சத்து ஏதுமில்லை என்பது சொல்லாமலே விளங்கும். மணமே புழுவுக்கு அழைப்பு, மணமே அடையாளம் என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது.

பிரெங்கெலின் வாதம்

இக்கருத்தை ஒரு கோட்பாடாக உயர்த்தியவர் கொட்பிரீட் பிரெங்கெல். 1901 இல் ஜேர்மனியில் பிறந்த யூதர். 1933 இல் நாஸிகள் பதவிக்கு வந்ததும் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த இடத்தை இழந்து இலண்டனுக்குச் சென்றார். 1948 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாவையும் தானியத்தையும் அரிக்கும் பூச்சிகளுக்கு எந்தெந்த உயிர்ச்சத்துக்கள் வேண்டும் என்பதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் அவர். பூச்சிகளின் போசணையைப் பற்றி அக்காலத்தில் அவரளவு அறிந்தோர் சிலரே.

1959 இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் போக்கையே மாற்றியது. பூச்சிகளுக்குத் தேவையான அடிப்படைச் சத்துக்கள் ஏறத்தாழ ஒன்றே. பச்சை இலைகளில் அச்சத்துக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி உள்ளன. எனவே ஒரு புழு ஒரு செடியைத் தெரிவதற்குச் சத்து காரணமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். தெரிவை நடத்துபவை காரம், கசப்பு, மணம் தரும் இரண்டாந்தரப் பொருள்கள். செடி அவற்றை உண்டாக்கியது பூச்சிகளை விரட்டுவதற்காக. அந்த வேலியைக் கடக்கப் பழகிய சில பூச்சிகளுக்கு வேலியே வழிகாட்டியாயிற்று.

இன்று வாசிக்கும்போதும் அது கம்பீரமான வாதம். அதன் பெரும்பகுதி நிலைத்தும் விட்டது. செடியின் காரமும் கசப்பும் அதன் தற்காப்பு என்பதை இப்போது எவரும் மறுப்பதில்லை. நான் 1994 இல் வாசித்த பழைய நூல் இந்த வாதத்தையே எளிமைப்படுத்திச் சொன்னது. நான் அதை மேலும் எளிமைப்படுத்தினேன். பிழை அங்கேதான் நேர்ந்தது.

பிரெங்கெலின் கட்டுரைக்கு முன்பே மாற்றுக் குரல் ஒன்று எழுந்திருந்தது. 1951 இல் இங்கிலாந்தில் கென்னடி, பூத் என்ற இருவர் செடிப்பேன்களை ஆராய்ந்து, பூச்சி இரண்டு விதமாகத் தரம் பிரிக்கிறது என்றனர். ஒன்று செடியின் தனிச்சுவை. மற்றது அதன் சத்து. 1960 இல் தோர்ஸ்டைன்சன் என்ற ஆய்வாளர், வெல்லங்களும் அமினோ அமிலங்களும் போன்ற பொதுச் சத்துக்களே பூச்சியை உண்ணத் தூண்டுகின்றன என்பதை வலியுறுத்தினார். அவர் நெடுநாள் ஆராய்ந்த புழு எது தெரியுமா? வைரமுதுகு அந்து எனப்படும் பூச்சியின் குடம்பி. நுவரெலியா ஆசிரியரின் கோவாவைத் துளைத்ததும் பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும்.

நாவில் வைத்த மின்வாய்

இரு தரப்பாரும் புழுவின் நடத்தையைப் பார்த்தே வாதாடினர். புழுவின் நாவுக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்பதை நேரடியாகக் கேட்கும் வழி 1955 இல் பிறந்தது. அமெரிக்காவில் ஹொட்சன், லெட்வின், ரோடர் ஆகிய மூவர் ஓர் ஈயின் சுவைமயிரின் நுனியில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினர். குழாய்க்குள் இருந்த கரைசலே சுவைக்கும் பொருளாகவும் மின்வாயாகவும் பயன்பட்டது. சுவை நரம்புக் கலம் அனுப்பும் மின் துடிப்புக்களை எண்ண முடிந்தது.

புழுவின் வாயின் கீழ்ப்புறத்தில், இடமும் வலமுமாக இரண்டு சிறிய துணையுறுப்புக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கூம்பு வடிவான இரண்டு சுவைமுளைகள். ஒவ்வொரு முளைக்குள்ளும் நான்கு சுவைக் கலங்கள். ஆக மொத்தம் பதினாறு. வாயைச் சுற்றிய மற்ற உறுப்புக்களில் இன்னும் சில உள்ளன. மனிதனின் நாவில் சுவையரும்புகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அரும்பிலும் பல பத்துக் கலங்கள். புழுவோ இந்தச் சில பதின்மக் கலங்களை வைத்தே தன் வாழ்க்கையை நடத்துகிறது.

அந்தப் பதினாறும் எவற்றுக்கு விழிக்கின்றன? ஜப்பானில் இஷிகாவா 1960களில் பட்டுப்புழுவின் முளைகளைச் சோதித்தார். ஒரு முளையில் சுக்குரோசு என்ற வெல்லத்துக்கு ஒரு கலம், இனோசிற்றோல் என்ற சத்துக்கு ஒரு கலம். மற்ற முளையில் கசப்புக்கு ஒரு கலம். நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் ஸ்கோன்ஹோவன் 1967 இல் கோவாப் புழுவைச் சோதித்து, கடுகுக் காரத்தின் மூலப்பொருள்களுக்கென்றே கலங்கள் இருப்பதைக் கண்டார். வெர்ஷாஃபெல்ட் ஊகித்த பூட்டுக்கு நாவில் சாவி இருந்தது. அதே நகரில் 1972 இல் மா என்ற ஆய்வாளர் அதே புழுவில் வெல்லங்களுக்கும் அமினோ அமிலங்களுக்கும் துடிக்கும் கலங்களை விரிவாக ஆராய்ந்தார். வெல்லம் மாப்பொருளின் அடையாளம்; அமினோ அமிலம் புரதத்தின் அடையாளம்.

இலையில் காரம் உண்டா என்று மட்டும் கேட்பதற்காக இயற்கை இந்த நாவைப் படைக்கவில்லை. பதினாறே கலங்கள் உள்ள ஏழை நாவில் அவற்றுட் பலவற்றைச் சத்துக்கென ஒதுக்கியிருப்பது, சத்து அறியப்பட வேண்டிய செய்தி என்பதற்குச் சான்று.

நாவை அகற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தார்கள். 1961 இல் வால்ட்பவர் என்பவரும் பிரெங்கெலும் சேர்ந்து புகையிலைப் புழுவின் அந்தத் துணையுறுப்புக்களை வெட்டி நீக்கினர். புகையிலை, தக்காளி போன்ற கத்தரிக் குடும்பச் செடிகளையே உண்ணும் அப்புழு, அதன்பின் வேறு குடும்பச் செடிகளையும் தின்னத் தொடங்கியது. அவற்றுட் சிலவற்றைத் தின்று வளரவும் செய்தது. வேண்டாம் என்று சொல்வதும் நாவின் வேலை என்பது தெரிந்தது. இந்த வால்ட்பவர் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இலைகள் ஒன்றல்ல

இதனிடையே பிரெங்கெலின் வாதத்தின் இன்னொரு தூணும் ஆட்டம் கண்டது. இலைகள் சத்தில் ஒன்றே என்பது உண்மையா? 1970 இல் போல் ஃபீனி ஒக்ஸ்போர்ட் அருகே ஓக் மரங்களில் செய்த ஆய்வை வெளியிட்டார். வசந்தத்தில் துளிர்க்கும் ஓக் இலையில் புரதமும் நீரும் மிகுதி. கோடை ஏற ஏற அவை குறைகின்றன, துவர்ப்புப் பொருளான தனின் கூடுகிறது. ஓக் மரத்தை மொட்டையாக்கும் அந்துப் புழுக்கள் தளிர் விரியும் காலத்திலேயே உண்டு முடித்துவிடுகின்றன. ஒரே மரத்தின் இலை ஏப்ரலில் ஒன்று, ஓகஸ்டில் வேறொன்று.

புழுவின் பெரும் பஞ்சம் நைதரசன். புரதத்துக்கு அடிப்படையான அப்பொருள் விலங்குகளின் உடலின் உலர்நிறையில் 7 முதல் 14 சதவீதம் வரை உண்டு. இலையில் அது மிகக் குறைவு. தளிரிலிருந்து முதிர்ந்த இலைக்கும், உரமிட்ட நிலத்திலிருந்து வறண்ட நிலத்துக்கும் பெரிதும் மாறுபடும். கீரை தின்று தசை வளர்க்க வேண்டியவனின் சிக்கல் இது.

ஃபீனி பின்னர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு ஸ்லான்ஸ்கி என்பவருடன் சேர்ந்து கோவாப் புழுவை எடுத்துக்கொண்டார். நைதரசன் மிகுந்த இலையையும் குறைந்த இலையையும் கொடுத்துப் பார்த்தனர். நைதரசன் குறைந்த இலையைப் புழு வேகமாகத் தின்றது. இலை எப்படியிருந்தாலும் உடலுக்குச் சேரும் நைதரசனின் வேகம் பெரிதும் குறையாதபடி அது தன் உண்ணும் வேகத்தை மாற்றிக்கொண்டது.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நுவரெலியா ஆசிரியரின் இரண்டு பிஸ்கட் பேணிகளும் அப்படியே கண்முன் வந்தன. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 1977. என் கட்டுரைக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு. அவர் கேட்ட கேள்வி பொருளுள்ள கேள்வி என்பதற்கு அப்போதே அச்சில் ஆதாரம் இருந்தது.

இரண்டு கட்டித் தீன்

அதிகம் தின்பது ஒன்று; தேடித் தெரிவது வேறொன்று. குறைபடும் சத்து எது என்று புழுவால் இனங்காண முடியுமா? 1984 இல் விடை தந்தவர் அதே வால்ட்பவர். அவரும் குழுவினரும் சோளக் கதிரைத் துளைக்கும் புழுக்களுக்கு இரண்டு செயற்கைத் தீன் கட்டிகளை வைத்தனர். ஒன்றில் புரதம் உண்டு, வெல்லம் இல்லை. மற்றதில் வெல்லம் உண்டு, புரதம் இல்லை. புழுக்கள் இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சென்று தின்றன. கூட்டிப் பார்த்தபோது புரதமும் வெல்லமும் ஏறத்தாழ 80 க்கு 20 என்ற விகிதத்தில் இருந்தன. நன்றாக வளர்வதற்கு ஏற்ற விகிதமும் அதுவே. பிரெங்கெல் காலமானதும் அதே 1984 இல்தான். அவரோடு சேர்ந்து புழுவின் நாவை ஆராய்ந்தவரே அவர் கோட்பாட்டின் விடுபட்ட பாதியை நிரப்பினார்.

எப்படி இது நடக்கிறது என்பதை ஸ்டீபன் சிம்சனும் உடன் ஆய்வாளரும் 1988 இல் வெட்டுக்கிளியில் காட்டினர். குருதியில் அமினோ அமிலம் நிறைந்திருக்கும்போது, வாயிலுள்ள சுவைமயிர்கள் அமினோ அமிலத்துக்கு மந்தமாகத் துடிக்கின்றன. குருதியில் அது குறையும்போது கூர்மையாகத் துடிக்கின்றன. மூளை கணக்குப் பார்த்து ஆணையிடும் முன்பே நாவின் கூர்மை மாறிவிடுகிறது. 1992 இல் சிம்மண்ட்ஸ், சிம்சன், பிளேனி ஆகியோர் பருத்தி இலைப் புழுவில் இதைச் சோதித்தனர். சில மணித்தியாலங்கள் புரதமில்லாத தீனில் விடப்பட்ட புழுவின் சுவைக் கலங்கள் அமினோ அமிலங்களுக்குக் கூடுதலாகத் துடித்தன. புழு புரதக் கட்டியை நாடியது. வெல்லமில்லாமல் விடப்பட்டபோது வெல்லத்தை நாடியது.

ஆகவே, புழுவின் நாவு மாறாத அளவுகோலன்று. நேற்று உண்டதை அறிந்த உடல் இன்றைய நாவைத் திருத்தி வைக்கிறது. பசித்தவனுக்குச் சோறும் ருசிக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை ஒரு மின்வாய் எண்ணிக் காட்டிவிட்டது.

நோயுற்ற புழுவின் சுவை

இதைவிட வியப்பானது 2005 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவுஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவின் அரிசோனாவில் பணியாற்றிய எலிசபெத் பெர்னேஸும், மைக்கல் சிங்கரும் சில மயிர்க்கொட்டிப் புழுக்களை ஆராய்ந்தனர். ஒட்டுண்ணி ஈக்களும் குளவிகளும் அப்புழுக்களைத் தாக்கி, தம் குஞ்சுகளை அவற்றின் உடலுக்குள் வளரவிடும். அவ்வாறு பாதிக்கப்பட்ட புழுக்களின் சுவைக் கலங்கள், சில செடிகளில் உள்ள நச்சு அல்கலொயிட்டுக்கு வழக்கத்தைவிட வலுவாகத் துடித்தன. சிங்கரும் குழுவினரும் 2009 இல் இதைத் தொடர்ந்தனர். ஒட்டுண்ணி தாக்கிய புழு அந்த நஞ்சை அதிகம் உண்டது. உண்டவை பிழைக்கும் வாய்ப்புக் கூடியது. நோயில்லாத புழு அதை மிகுதியாக உண்டால் அதற்கே கேடு. ஒரே பொருள் ஒருவருக்கு நஞ்சு, இன்னொருவருக்கு மருந்து என்பதை அந்த நாவு பிரித்தறிகிறது.

பட்டுப்புழுவின் இரண்டு படிகள்

இனி, மேரியன் சிறுமியாக இருந்தபோது வளர்த்த பட்டுப்புழுவுக்கே திரும்புவோம். முசுக்கட்டை இலையைத் தவிர வேறொன்றை எளிதில் ஏற்காத புழு அது. 1962 இல் ஜப்பானின் ஹமமுராவும் குழுவினரும் அதன் உணவுத் தெரிவைக் கூறுகளாகப் பிரித்தனர். புழுவை அழைக்கும் மணங்கள் ஒரு வகை. கடிக்கத் தூண்டும் பொருள்கள் இன்னொரு வகை. விழுங்கத் தூண்டுபவை மூன்றாவது வகை. சுக்குரோசும் இனோசிற்றோலும் துணைப்பொருள்களாகச் சேர்ந்தன. தத்துவச் சண்டை எதுவுமின்றி, அடையாளத்துக்கும் சத்துக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

2019 இல் சீன ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் ஒரேயொரு சுவை மரபணுவைச் செயலிழக்கச் செய்தனர். அப்புழுக்கள் மற்றப் பட்டுப்புழுக்கள் ஏற்காத பழங்களையும் தானிய விதைகளையும் உண்டன. 1961 இல் கத்தி செய்ததை இப்போது மரபணு மாற்றம் செய்தது.

2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புழு முடிவெடுக்கும் முறையை இரண்டு படிகளாக விளக்கினர். புழு முதலில் வாயருகே உள்ள சிறு உணர்விரலால் இலையின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. முசுக்கட்டைக்குரிய சில பொருள்களை நம்ப முடியாத அளவு நுண்ணிய அளவிலும் அது அறிகிறது. அடையாளம் சரியென்றால் கடிக்கிறது. கடித்ததும் கசியும் சாறு சுவைமுளைகளைத் தொடுகிறது. அங்கே சுக்குரோசும் இனோசிற்றோலும் தெரிந்தால்தான் தொடர்ந்து உண்கிறது. முதற்படியில் 'நீ யார்?' என்று கேட்கிறது. இரண்டாம் படியில் 'உன்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறது. வெர்ஷாஃபெல்ட், டெத்தியர், பிரெங்கெல் ஆகியோர் முதற்கேள்வியைக் கண்டனர். கென்னடி, தோர்ஸ்டைன்சன், வால்ட்பவர், சிம்சன் ஆகியோர் இரண்டாவதைக் கண்டனர். புழு இரண்டையும் எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

திருத்தம்

நுவரெலியா ஆசிரியரின் சோதனை முழுமையானதென்று நான் சொல்ல வரவில்லை. புழு அதிகம் தின்றதற்கு நாவு மட்டுமே காரணமா, குடலும் குருதியும் காரணமா என்று இரண்டு பிஸ்கட் பேணிகளால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு மின்வாயும் ஆய்வுகூடமும் பல்லாண்டு உழைப்பும் வேண்டியிருந்தன. ஆனால் அவர் பேணிகளை ஒப்பிட்டார், மூன்று தடவை செய்தார், தாம் கண்டது அச்சில் வந்ததோடு பொருந்தவில்லை என்று துணிந்து கேட்டார். நான் இதில் எதையும் செய்யவில்லை. பெரிய பெயரொன்றின் நிழலில் நின்று, முடிவுரையை மட்டும் எடுத்து எழுதினேன்.

அவர் அப்போதே முதியவர். பின்னர் நுவரெலியாவுக்குப் போன ஒவ்வொரு தடவையும் மரக்கறித் தோட்டங்களைக் கடக்கையில் அவரை நினைத்ததுண்டு. பெயர் நினைவில் இல்லாததால் விசாரிக்க வழியில்லை. அந்த வெட்கமும் சேர்ந்தே இதை எழுதுகிறேன். அவர் பிள்ளைகளோ மாணவர்களோ உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இதை வாசிக்கக் கூடும். பிஸ்கட் பேணியில் புழு வளர்த்த ஓர் ஆசிரியர் அவர்கள் நினைவில் இருந்தால், இது அவருக்குரியது.

1994 ஆம் ஆண்டு நான் எழுதிய அறிவியல் கட்டுரையில், புழுவுக்குச் சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. புழு இலையின் அடையாளத்தையும் அறியும், சத்தையும் அறியும். தன் உடலுக்கு எது குறைகிறதோ அதற்கு ஏற்பத் தன் சுவையையும் மாற்றிக்கொள்ளும். தவறுக்கு வருந்துகிறேன். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.